போய்விட்ட நாயைக் காட்டிய திரை

"பஸ்ஸுல கோளாறு இல்ல, கேமராவுல கோளாறு இல்ல, நம்ம ஸ்கிரீன்லயும் கோளாறு இல்ல. அப்ப மிச்சம் இருக்கறது அந்த ஆளுதான்" என்றார் என் மேலாளர். கழித்தல் கணக்குப் போட்டே ஒருவனுடைய பிழைப்பைப் பறித்துவிடலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த ஆள் ஒரு சுற்றுலாப் பேருந்தின் ஓட்டுநர். மாமல்லபுரத்தில் வண்டி நிறுத்துமிடத்தில் பேருந்தைப் பின்னால் எடுத்தபோது ஒரு மாங்காய்த் தள்ளுவண்டியின் மேல் ஏற்றிவிட்டார். வண்டி நொறுங்கியது. அதை இழுத்துக் காப்பாற்றப் பார்த்த மாங்காய்க்கார அம்மாவுக்குக் கணுக்கால் எலும்பு முறிந்தது. பின்பக்கத்தைக் காட்டும் திரையில் தரை காலியாக இருந்தது என்று ஓட்டுநர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். யாரும் நம்பவில்லை. பேருந்து முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார். செங்கல்பட்டில் வழக்கும் பதிவாகிவிட்டது. அந்தத் திரையைச் செய்தவர்கள் நாங்கள். திரையில் தவறில்லை என்று எங்கள் அறிக்கை போனால் அவருடைய வேலை போகும், உரிமம் போகும், ஜெயிலுக்கும் போகலாம். அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டியவள் நான்.

நான் அங்கே சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டி, பெரிய தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் செய்து தரும் கொட்டகைகள் வரிசையாக இருக்கும். அதில் ஒன்று எங்களுடையது. பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் திரை செய்வோம். எந்தப் படம் எப்போது திரைக்கு வர வேண்டும், எப்போது மாற வேண்டும் என்று வன்பொருளை மேய்க்கும் நிரலுக்கு கிராபிக்ஸ் டிரைவர் என்று பெயர். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை எடுத்தார்கள். அதற்கு முன் இரண்டு பிள்ளைகளை வளர்ப்பதற்காகச் சில வருஷம் வேலையை விட்டிருந்தேன். திரும்ப வேலை தேடியபோது ஓஎம்ஆர் ஐ.டி. கம்பெனிகளில் நான் ஏறி இறங்காத படி இல்லை. "இந்த கேப்ல என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள். ஒருவரிடம் மட்டும், "தூங்காம இருந்தேன் சார்" என்று சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, வேலை கொடுக்கவும் இல்லை.

ஆகவே படூரிலிருந்து இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய இந்த வேலை எனக்குத் தேவையாகத்தான் இருந்தது. மேலாளருக்கும் அது தெரியும். தேவை இருப்பவள் எதற்கும் தலையாட்டுவாள் என்று அவர் நினைத்துக்கொண்டதுதான் எனக்கு ஆகவில்லை.

அறிக்கைக்கு முன்னால் ஒப்புக்கு ஒரு விசாரணை வேண்டுமே என்று ஓட்டுநரைக் கொட்டகைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெளுத்த காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்து வந்திருந்தார். வேலை இல்லாத நாளிலும் அதைப் போட்டுக்கொண்டு வந்தது எனக்கு என்னவோ செய்தது.

"அந்த ஸ்கிரீன்ல படம் அசையாம இதுக்கு முன்னாடி நின்னிருக்கா?" என்று கேட்டேன்.

"நின்னுகீது மேடம். எப்பவும் இல்ல. அமாவாசைக்கு அமாவாசை, இல்லாங்காட்டி வெள்ளிக்கெழம. அன்னிக்கி மட்டும்தான் மக்கர் பண்ணும்."

மேலாளர் சிரித்துவிட்டார். "அமாவாசைன்னா திரைக்குப் பேய் புடிச்சுக்குமா? காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்."

"நீங்க இன்னா வேணா சொல்லுங்க சார். நான் கண்ணால பாத்ததச் சொல்றேன். நின்னா, சாவிய ஆஃப் பண்ணிப் போட்டா சரியாப் பூடும். இடிச்ச அன்னிக்கி அமாவாசை. ஏசி ஓடிக்கினு இருந்திச்சு, சாவிய அணைக்கவே இல்ல. இடிச்சப்புறம் ஜனங்க ஓடியாந்து சாவிய புடுங்கிட்டாங்க. அதுக்கப்புறம் போட்டுப் பாத்தா நல்லாக் கீது. நான் இன்னா செய்ய?"

அவர் போனதும் மேலாளர், "ஆடத் தெரியாதவன் தெருக் கோணல்னானாம்" என்றார். நான் சிரிக்கவில்லை. ஓட்டுநரை முழுக்க நம்பிவிட்டேன் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் தப்பிக்க நினைத்துப் பொய் சொல்கிறவன், 'அப்புறம் போட்டால் நன்றாக இருந்தது' என்று தனக்கே எதிரான சாட்சியைச் சேர்த்துச் சொல்லமாட்டான். சாவியை அணைத்துப் போட்டால் சரியாவது பேயின் குணம் இல்லை. அது நிரலின் குணம்.

கையெழுத்துக்கு ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன். மேலாளர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சம்மதித்தார்.

அந்த நிரலைத் திறந்தால் ஒரே குப்பை. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எங்காவது படம் தடுமாறினால், ஏன் என்று தேட நேரமில்லாதவன் அந்த இடத்தில் 'கொஞ்சம் பொறு' என்று ஒரு வரி எழுதிவிட்டு எழுந்து போய்விடுவான். கொஞ்சம் பொறுத்தால் தடுமாற்றம் தெரியாது. வேலையை விட்டுப் போன ஒவ்வொருவரும் ஆளுக்கு ஒன்றிரண்டு 'பொறு' வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு புண்ணியவான் பக்கத்திலேயே குறிப்பும் எழுதியிருந்தான்: 'இதை எடுத்தால் படம் நின்றுவிடும். ஏன் என்று தெரியாது. தொடாதே.' முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மறைத்த இடத்தில் பலகையும் வைத்ததை அங்கேதான் பார்த்தேன்.

எங்களிடம் சோதனைக்கு ஒரு மேஜை இருந்தது. அதில் பேருந்துத் திரை, கேமரா, கியருக்குப் பதிலாக ஒரு சுவிட்ச். சுவிட்சைப் போட்டால் ரிவர்ஸ் கியர் போட்ட மாதிரி. அந்த மேஜையைப் பார்த்துக்கொண்டவர் கோவளத்துக்காரர். வீட்டில் எல்லோரும் துணி வியாபாரம், இவர் மட்டும் வயர் பிடிக்க வந்துவிட்டார். என்னை அக்கா என்று கூப்பிடுவார். நிரலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க, அங்கங்கே செய்தி அச்சிடும் வரிகளைச் சேர்த்தேன். அவர் சுவிட்சைப் போடுவார், படம் வரும், சரி என்று சொல்லி அணைப்பார். நாள் முழுக்கப் போட்டார். படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"அக்கா, இந்த ஸ்கிரீனுக்கு நம்ம மேலதான் கோவம். நம்மள பாத்தா ஒழுங்கா வேல செய்யுது" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போனேன். இடித்த இடத்தைப் பார்த்தால் ஏதாவது தோன்றும் என்று ஒரு நப்பாசை. பேருந்துகள் வரிசையாகப் பின்வாங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே சங்குமாலை விற்கிறவர்கள், தொப்பி விற்கிறவர்கள், அம்மா கையை உதறிவிட்டு ஓடுகிற குழந்தைகள். இந்தக் கூட்டத்துக்குள்தான் நாங்கள் செய்த திரையை நம்பி அத்தனை டன் இரும்பைப் பின்னால் தள்ளுகிறார்கள். மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது இந்த நினைப்பு எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

காலில் மாவுக்கட்டுடன் ஓர் அம்மா பெரிய குடைக்குக் கீழே உட்கார்ந்து மாங்காய் கீறிக்கொண்டிருந்தார். வண்டி போனதால் பலகையைச் செங்கல் மேல் வைத்திருந்தார். நான் யார் என்று சொன்னதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"அந்த டிவி கம்பெனியா நீ?"

"ஆமாம்மா."

"நான் கத்துனேன். பஸ்ஸு முதுவுல பட்டு பட்டுனு தட்டுனேன். உள்ள பாட்டு வேற. அவன் அந்த டிவிய பாத்துகினே வர்றான். ஒரு தபா எறங்கிப் பாத்திருந்தா என் காலு இப்டி ஆவுமா?"

"டிவியில காலியா இருந்துச்சுன்னு சொல்றாரும்மா."

"அப்போ அது பொய் சொல்லிச்சா?"

நான் பலகைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"பொய் சொல்ற டிவிய இன்னாத்துக்கு வண்டில வெக்கிறீங்க? அத்தக் கொண்டாந்து தரையில போட்டு ஒடை" என்று சொல்லி மறுபடி கத்தியை எடுத்தார். மிளகாய்ப்பொடி தூவிய ஒரு கீற்றை என் கையில் திணிக்கவும் தவறவில்லை. காரம் கண்ணில் தண்ணீரை வரவழைத்தது. காரம் மட்டும்தானா என்று எனக்கே தெரியவில்லை.

வழி காட்டியது ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் சிங்கப்பெருமாள் கோயிலில் பேருந்தை விட்டு இறங்கி நடந்துகொண்டிருந்தேன். கோயிலுக்கு முன்னால் ஒரு புதுச் சரக்கு வேனுக்குப் பூஜை. மாலை, சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு ஒன்றாய் எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டி முடித்ததும் வண்டியை முன்னால் எடுத்தார்கள். ஒரு பழம் நசுங்காமல் நழுவி ஓடிவிட்டது. "பின்ன வா, பின்ன வா. இப்ப முன்ன போ. அட, இன்னொரு தபா பின்ன வாப்பா!" என்று சுற்றி நின்றவர்கள் ஆளாளுக்குக் கத்தினார்கள். வேன் முன்னும் பின்னுமாக ஆடியது. ரிவர்ஸ் விளக்கு எரிந்து, அணைந்து, உடனே மறுபடி எரிந்தது.

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர், "எம்மா, வூட்ல சொல்ட்டு வந்தியா?" என்று கேட்டார். அங்கேயே நின்று ஓட்டுநருக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, அமாவாசைக்கு எலுமிச்சம்பழம் வெப்பீங்களா?"

"வெக்காம எப்டி மேடம்? அமாவாசை, வெள்ளிக்கெழம, கரீக்டா வெச்சிருவேன்."

"எப்படி ஏத்துவீங்க?"

"எங்க மொதலாளி வண்டிங்க எல்லாத்துக்கும் ரெண்டு மூணு தபா மேடம். முன்ன, பின்ன, முன்ன, பின்ன. டக்கு டக்குனு எடுக்கணும். பழம் சட்னியாவணும், அப்பதான் திருஷ்டி பூடும்."

கொட்டகைக்குக் கிட்டத்தட்ட ஓடினேன். எங்கள் மேஜையில் சுவிட்சைப் போட்டு, படம் வரும்வரை காத்திருந்து, சரி என்று சொல்லி அப்புறம்தான் அணைப்போம். எவனும் அங்கே எலுமிச்சம்பழத்தை நசுக்கவில்லை. கேமரா கண் விழிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அது விழிப்பதற்குள் கியரை எடுத்து மறுபடி போட்டால் என்ன ஆகும் என்று நாங்கள் யாரும் கேட்டதே இல்லை.

கோவளத்துக்காரரிடம் சுவிட்சை டக்கு டக்கென்று ஆட்டச் சொன்னேன். ஆட்டினார். படம் நிற்கவில்லை. இன்னும் வேகமாக ஆட்டினார். ஊஹும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. உள்ளே பார்க்க நான் சேர்த்திருந்த அச்சு வரிகளே நிரலை மெதுவாக்கிக்கொண்டிருந்தன. வேலையை விட்டுப் போனவர்கள் வைத்த 'பொறு' போதாது என்று, தேட வந்த நானும் என் பங்குக்கு ஒரு கூடை 'பொறு' கொட்டியிருந்தேன். அத்தனையையும் துடைத்து எறிந்தேன்.

"இப்ப ஆட்டுங்க."

நாலைந்து தடவை ஆட்டினார். படம் வந்தது. கேமராவுக்கு முன்னால் கையை அசைத்தார். திரையில் கை இல்லை. மேஜையும் சுவரும் மட்டும் அசையாமல் இருந்தன.

"யா அல்லா" என்றார் கோவளத்துக்காரர். நான் நாற்காலியை விட்டு எழுந்து கத்தியேவிட்டேன். பக்கத்துக் கொட்டகையில் இருந்து எட்டிப் பார்த்தார்கள்.

என்ன நடந்தது என்பதைப் பிற்பாடு என் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொன்னேன். வாசலில் யாராவது மணி அடித்தால் சமையலறையில் ஒரு விளக்கு எரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கைப் பார்த்ததும் போய்க் கதவைத் திறக்கிறேன், வந்தவரை அனுப்பிவைக்கிறேன், திரும்பி வந்து விளக்கை அணைக்கிறேன். நான் வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவே இருக்கும்போது இன்னொருவர் மணி அடித்தால்? விளக்குதான் ஏற்கெனவே எரிகிறதே. நான் வந்து அதை அணைத்துவிடுவேன். இரண்டாமவர் வெளியே நின்றுகொண்டே இருப்பார். நான் உள்ளே, மணி அடிக்கவில்லையே என்று உட்கார்ந்துகொண்டே இருப்பேன். கியரை டக்கு டக்கென்று மாற்றியதில் எங்கள் நிரலும் கேமராவும் அப்படித்தான் ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டிருந்தன. புதுப் படம் வந்திருக்கிறது என்று கேமரா அடித்த மணியை நிரல் பார்க்காமலே அணைத்துவிட்டது. கடைசியாக வந்த படம் திரையில் அப்படியே தங்கிவிட்டது. அமாவாசைக் காலையில் பழம் நசுக்கும்போது எடுத்த படத்தை மாமல்லபுரத்தில் வெயிலேறிய பிறகும் காட்டிக்கொண்டிருந்தது. தார்ச்சாலையும் வண்டி நிறுத்துமிடத்துத் தரையும் ஒரே சாம்பல் நிறம். மனுஷனுக்கு என்ன தெரியும்?

தீர்வு வெட்கப்படும் அளவுக்குச் சின்னது. முதலில் விளக்கை அணை, அப்புறம் வாசலுக்குப் போ. இடையில் யாராவது மணி அடித்தால் விளக்கு மறுபடி எரியும். இரண்டு வரிகளை இடம் மாற்றினேன். வேலைக்கு நேர்காணல் வைத்தவர்கள் என் வாழ்க்கையில் இருந்த இடைவெளியை அத்தனை கவலையோடு கேட்டார்களே, இந்த இடைவெளியை ஒருத்தரும் கேட்டிருக்கவில்லை.

மேலாளரிடம் காட்டினேன். அவர் கெட்டிக்காரர், உடனே புரிந்துகொண்டார். புரிந்ததும் அவர் முகம் மாறிய விதம் எனக்கு மறக்காது.

"நல்ல வேலை பண்ணீங்க மேடம். சத்தமில்லாம எல்லா வண்டிக்கும் மாத்திடலாம். அறிக்கையில இது வேணாம். சோதனையில கோளாறு எதுவும் தென்படலன்னு எழுதிடுங்க. ஒரு வாரம் சோதிச்சப்ப தென்படலதானே?"

"தென்பட்டாச்சே சார்."

"யோசிச்சுப் பாருங்க. இது வெளிய தெரிஞ்சா கம்பெனி படுத்துடும். இங்க வேல பாக்கற அத்தன பேரும் தெருவுக்கு வருவாங்க."

"பழி ஓரிடம் பாவம் ஓரிடமா சார்? அவர் ஏற்கெனவே தெருவுலதான் நிக்கறாரு."

அவர் பேனாவை மூடி மேஜையில் வைத்தார். "உங்க எடத்துக்கு வேற ஆள் கிடைப்பாங்க மேடம். உங்களுக்கு வேற எடம் கிடைக்கறதுதான் கஷ்டம்."

பயம் இல்லை என்று சொன்னால் பொய். பயமும் இருந்தது, ஆத்திரமும் இருந்தது, ஆத்திரம் கொஞ்சம் கூட இருந்தது. "கிடைச்சா அவங்ககிட்டயே கையெழுத்து வாங்கிக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கோவளத்துக்காரர் எதுவும் கேட்காமல் ஒரு டீயை நீட்டினார். அதைக் குடித்து முடித்துவிட்டுப் பேருந்து முதலாளிக்கு நானே போன் செய்தேன். அறிக்கை வாங்க ஆள் அனுப்ப வேண்டாம், அந்தப் பேருந்தையும் அந்த ஓட்டுநரையும் கூட்டிக்கொண்டு நீங்களே வாருங்கள் என்றேன். வீட்டில் சொன்னபோது, "உனக்கேன் இந்த வேலியில போற ஓணான்?" என்றார் கணவர். அது ஏற்கெனவே என் மடிக்கு வந்துவிட்டது என்றேன்.

அவர்கள் வந்த அன்று கொட்டகை முற்றத்தில் பேருந்தை நிறுத்தினோம். அதில் இருந்தது பழைய நிரல்தான். மேலாளர் என்னைப் பார்க்காமல் பேருந்து முதலாளியோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தார். நான் பையிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்தேன்.

"இன்னாம்மா, கம்பெனில பூஜையா?" என்றார் முதலாளி.

"ஆமாங்க. உங்க வண்டிகளுக்குப் பண்ற அதே பூஜை. அண்ணே, அமாவாசைக்கு எப்படி எடுப்பீங்களோ அப்படியே எடுங்க."

ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். வேலையை விட்டு நிறுத்திய நாளிலிருந்து அன்றுதான் ஸ்டீயரிங்கைத் தொடுகிறார். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முன்ன, பின்ன, முன்ன, பின்ன. பழம் சட்னியானது. ரிவர்ஸ் போட்டுப் பார்த்தோம். திரை ஒழுங்காக வேலை செய்தது. காவலாளி அங்கே நடந்து போனது தெளிவாகத் தெரிந்தது. மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாவியை அணைத்துப் போட்டு, இரண்டாவது பழம் வைத்தோம். ஒழுங்காகத்தான் இருந்தது.

"போதுமா மேடம்?" என்றார் மேலாளர்.

"பழம் இருக்கு சார்" என்றேன்.

மூன்றாவது பழத்தின்போது கொட்டகையின் செவலை நாய், பேருந்துக்குப் பின்னால் முற்றத்தைக் குறுக்காகக் கடந்து போய்க்கொண்டிருந்தது. முன்ன, பின்ன, முன்ன, பின்ன. ஓட்டுநர் ரிவர்ஸில் போட்டு நிறுத்தினார். திரையில் நாய் ஒரு காலைத் தூக்கியபடி நின்றது. நின்றுகொண்டே இருந்தது. நான் வெளியே எட்டிப் பார்த்தேன். நாய் காவலாளியின் காலடியில் படுத்திருந்தது.

இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் போட்டபடி வைக்கச் சொன்னேன். சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுக்கச் சொன்னேன். மேலாளரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தேன். முதலாளி பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தார். நான் இறங்கிப் போய்ப் பேருந்துக்குப் பின்னால், கேமராவுக்கு நேர் எதிரே, நட்ட நடுவில் நின்றேன்.

"தெரியுதா சார்?" என்று கத்தினேன்.

பேருந்தின் முதுகில் இரண்டு கையாலும் தட்டினேன். மாமல்லபுரத்தில் அந்த அம்மா தட்டிய மாதிரி.

"நான் இங்கதான் நிக்கறேன். தெரியுதா?"

முதலாளியின் குரல்தான் வந்தது. "நாயிதாம்மா தெரியுது."

போய்விட்ட நாய் தெரிந்தது. நின்றுகொண்டிருந்த நான் தெரியவில்லை. முன்னால் திரும்பி வந்தபோது ஓட்டுநர் படியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார். முதலாளி அவர் தோளில் கையை வைத்து, "எழுந்திரு, வா" என்று மட்டும் சொன்னார். மேலாளர் இருக்கையில் இருந்து இறங்க நேரமாயிற்று.

அறிக்கையை நான் எழுதினேன். திரையின் தவறு என்று முதல் வரியிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கம்பெனி படுக்கவில்லை. அந்த அம்மாவின் வைத்தியமும் புது வண்டியும் எங்கள் பொறுப்பாயிற்று. செங்கல்பட்டு கோர்ட்டில் நான் போய் நின்று நடந்ததைச் சொன்னேன். ஓட்டுநர் பேருந்துக்குத் திரும்பினார். என்னையும் வெளியே அனுப்பவில்லை. அனுப்பினால் இன்னும் சத்தம் போடுவாள் என்று நினைத்திருக்கலாம். நினைத்தது சரிதான்.

ஆனால் எங்களுக்குள் இன்னொரு சண்டை பாக்கி இருந்தது. மணி தொலைந்த தவறு சரியாகிவிட்டது. நாளைக்கு வயர் அறுந்தால், உப்புக் காற்றில் இணைப்பு துருப்பிடித்தால், அப்போதும் திரை பழைய படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். அதனால் கண் சிமிட்டும் நேரத்துக்குள் புதுப் படம் வரவில்லை என்றால் திரை முழுக்கச் சிவப்பாக வேண்டும் என்று எழுதினேன். நடுவில் பெரிய எழுத்தில்: 'படம் இல்லை. இறங்கிப் பார்க்கவும்.'

"சிவப்பு வந்தா நம்ம பொருள்ல கோளாறுன்னு நெனப்பாங்க மேடம். எடுத்துடுங்க" என்றார் மேலாளர்.

"கோளாறுதானே சார் அது? தெரியலன்னா தெரியலன்னு சொல்லட்டும். தெரியாதத தெரிஞ்ச மாதிரி காட்டறதுக்குத்தான் ஒரு கால் உடைஞ்சிருக்கு."

அவர் பல தடவை கேட்டார், நான் எடுக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து, பேருந்து முதலாளியிடமிருந்து வந்த ஒரு புகாரை எனக்கு அனுப்பினார். திரை அடிக்கடி சிவப்பாகிறது, ஓட்டுநர் ஒவ்வொரு தடவையும் இறங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது, சரிசெய்யவும் என்று இருந்தது. 'கேமரா வயரை மாற்றுங்கள். திரை சரியாக இருக்கிறது' என்று பதில் எழுதிப் புகாரை முடித்துவைத்தேன்.

அதே வாரம் ஓட்டுநரிடமிருந்து போன் வந்தது. பின்னால் கடற்கரைக் கூட்டத்தின் இரைச்சல்.

"மேடம், பேஜாரா கீது. இன்னிக்கும் செவப்பு வந்திருச்சு."

"என்ன பண்ணீங்க?"

"இன்னா பண்றது, எறங்கிப் பாத்தேன். அந்த மாங்கா அம்மா பின்னாடி இடுப்புல கைய வெச்சுகினு நிக்கிறாங்க. 'இன்னிக்கினாச்சும் எறங்குனியேடா'ன்னு ஒரே திட்டு. இந்தாங்க, போனக் கேக்கறாங்க."

போன் கை மாறியது.

"ஏம்மா, அந்த டிவிய ஒடச்சியா?"

"உடைக்கலம்மா. தெரியலன்னா தெரியலன்னு சொல்ற மாதிரி மாத்திட்டேன்."



"அத்த மொதல்லயே செஞ்சிருக்கக் கூடாதா?" என்றார்.

மேலாளருக்கும் நேர்காணல் வைத்தவர்களுக்கும் என்னிடம் பதில் இருந்தது. இந்தக் கேள்வியை மட்டும் நிரலில், சிவப்புத் திரைக்கான வரிக்குப் பக்கத்தில், குறிப்பாக எழுதிவைத்தேன்.